தட்டானுக்குத் தெரிந்த தண்ணீர்

ஆறு வருடத்தில் ஐம்பதாயிரம் புதுக் கார்களை ஓட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூட நானூறு மீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் லைன் முடிகிற இடத்தில் சாவியை வாங்குவேன், காரைப் பின்பக்க யார்டுக்குக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்துவேன், வேனில் ஏறித் திரும்பி வந்து அடுத்த சாவியை வாங்குவேன். என் உத்தியோகம் அவ்வளவுதான். வாலாஜாபாத்தில் எங்கள் தெருக்காரர்கள், "எழிலரசன் தினம் முப்பது கார்ல சுத்துறான்" என்று பேசிக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை. உண்மையில் நான் வேலைக்குப் போய் வருவது என் மனைவி வினோதினியின் ஸ்கூட்டரில், அதுவும் பின்சீட்டில். "நானூறு மீட்டர் டிரைவரை நம்பி நான் ஹைவேல ஏற மாட்டேன்" என்பது அவளுடைய கொள்கை.

அவளுக்கும் அதே தொழிற்சாலைதான் வேலை. பெயின்ட் ஷாப்பில் கடைசி இன்ஸ்பெக்‌ஷன். பெயின்ட் அடித்து முடித்த கார் ஒரு வெளிச்சக் கூண்டுக்குள் வரும். நாலு பக்கமும் மேலேயும் டியூப்லைட் எரியும். வினோதினி இரண்டு நிமிடம் சுற்றிப் பார்ப்பாள். கடுகில் கால்வாசித் தூசு பெயின்ட்டுக்குள் சிக்கியிருந்தாலும் விரல் வைத்துக் காட்டிவிடுவாள். பார்த்து முடித்ததும் காரின் அட்டையில் ஒரு முத்திரை குத்துவாள். அவளுடைய எண் பத்தொன்பது. நாலு வருடம் ஒப்பந்தத்தில் கிடந்த பிறகுதான் அந்த முத்திரை அவள் கைக்கு வந்தது, வேலையும் நிரந்தரமானது. அன்று அவள் தெருவுக்கே கேசரி கொடுத்தாள்.

"அவ்ளோ சின்ன தூசி உன் கண்ணுக்கு எப்டி தெரியுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் காரைப் பாக்குறதே இல்லய்யா. கார்ல தெரியுற டியூப்லைட்டைப் பாக்குறேன். லைட்டு கோடு நேரா ஓடுனா கார் நல்லா கீதுன்னு அர்த்தம். எங்கயாச்சும் நெளிஞ்சா அங்க கை வெப்பேன்."

அப்படிப்பட்டவளுடைய முத்திரையைத்தான் போன ஐப்பசியில் பிடுங்கப் பார்த்தார்கள். அதற்கு நானும் உடந்தை. எப்படி என்று சொல்கிறேன், திட்டுவதை முடிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீலர்களுக்கு அனுப்பும் முன் யார்டில் கார்களை ஒருமுறை கழுவுவார்கள். அப்போது நாற்பத்து மூன்று கார்களின் கூரையிலும் பானெட்டிலும் ஊசி முனை அளவுக்குக் குழிகள் இருப்பது தெரிந்தது. தேய்த்தாலும் போகவில்லை. சிலவற்றுக்குத் திரும்பப் பெயின்ட் அடிக்கவேண்டி வந்தது. நாற்பத்து மூன்று அட்டைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பத்தொன்பது.

குவாலிட்டி மேனேஜர் விஜயராகவன் நல்ல மனிதர், பட்சபாதம் பார்க்காதவர். அதனாலேயே அவரிடம் சிக்கினால் தப்ப முடியாது. எங்கள் தொழிற்சாலையில் என்ன தப்பு நடந்தாலும் 'ஏன் ஏன்' தாள் ஒன்று எழுதவேண்டும். முதல் கட்டத்தில் ஒரு ஏன், அதன் பதிலுக்கு ஒரு ஏன், அந்தப் பதிலுக்கு ஒரு ஏன் என்று ஐந்து கட்டம். ஓரத்தில் 'பொறுப்பு' என்று இன்னொரு கட்டம் இருக்கும். அதில் ஒரு மனிதரின் பெயர் வந்தே ஆகவேண்டும். கேன்டீன் சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்கு ஐந்து ஏன் எழுதி, கடைசியில் உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்த ஸ்டோர்ஸ்காரரின் பெயரில் போய் முடித்தவர் அவர்.

ஏன் குழி? பெயின்ட்டில் தூசு. ஏன் வெளியே போனது? இன்ஸ்பெக்‌ஷனில் தப்பியது. ஏன் தப்பியது? கவனக்குறைவு. மீதி இரண்டு கட்டமும் காலி. ஆனால் பொறுப்பு என்ற இடத்தில் வினோதினி என்று பென்சிலால் எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அவள் வேறு காரணம் காட்டவேண்டும். இல்லாவிட்டால் பென்சில் பேனாவாகும். முத்திரையை ஒப்படைத்துவிட்டு, கதவு ஓரங்களுக்கு டேப் ஒட்டும் பழைய லைனுக்குப் போகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"நான் அனுப்பறப்ப எல்லாம் சுத்தமா இருந்துச்சு. வெளிய வந்தப்புறம்தான் இன்னாவோ ஆயிருக்குது. உங்க யார்டுலதான்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எங்கள் யார்டின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. சேதமில்லா நாட்கள்: 338. முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் பதினாலு டிரைவர்களுக்கும் ஆளுக்கொரு வெட் கிரைண்டர், கூடவே மட்டன் பிரியாணி. எங்கள் சூப்பர்வைசர் தசரதன் தினமும் காலையில் கைகால் கழுவிக்கொண்டு வந்து அந்த எண்ணை மாற்றுவார், கோயில் விளக்கு ஏற்றுகிற பவ்யத்தோடு.

"எங்க யார்டுல ஒரு குருவிகூட எச்சம் போடாது. நீ போய் கண்ணு டாக்டரைப் பாரு" என்றேன்.

நாலு வருடம் டேப் ஒட்டிக் கஷ்டப்பட்டு மேலே வந்தவளிடம், முத்திரை போகிற நேரத்தில், கட்டிய புருஷன் பேசுகிற பேச்சா அது? ஆனால் நான் பொய் சொல்லவில்லை. மனமார அப்படித்தான் நம்பினேன். கிரைண்டர் அப்போது என் நினைவில் இல்லவே இல்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். வினோதினி ராத்திரிக்கு உப்புமா போட்டாள். எங்கள் வீட்டில் கோபத்துக்கு உப்புமா என்று பெயர்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தாள். நாற்பத்து மூன்று கார்களின் பட்டியலில் இருந்தது சேசிஸ் நம்பர் மட்டும்தான். ஒவ்வொரு நம்பருக்கும் என்ன கலர் என்று பெயின்ட் ஷாப் கணினியில் தேடி எழுதினாள். இருபத்தாறு கறுப்பு, பதினேழு மெரூன். ஒரு வெள்ளைகூடக் கிடையாது. இந்த இரண்டு கலரும் இந்த வருடம்தான் வந்தவை. பகல் ஷிஃப்டில் மட்டும் அடிப்பார்கள், பகல் ஷிஃப்ட் முத்திரை அவளுடையது. பத்தொன்பது எல்லாவற்றிலும் விழுந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

"தூசி கலர் பாத்தா சார் வுழும்?" என்று விஜயராகவனிடம் போய்க் கேட்டாள்.

"தூசு எல்லாத்துலயும் விழும்மா. கறுப்புல கண்ணுக்குத் தெரியும், வெள்ளைல தெரியாது. அப்பக்கூட நீங்க பாக்கலைன்னுதானே ஆகுது?" என்றார் அவர்.

பெயின்ட் லேபில் சுகப்பிரியா என்று ஒரு பெண் இருக்கிறாள். காஞ்சிபுரத்தில் விலங்கியல் படித்துவிட்டு, விலங்குகளிடம் வேலை காலியில்லாததால் பெயின்ட்டுக்கு வந்தவள். அவள் ஒரு குழியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். "தூசு மாதிரி இல்லக்கா. எதுவோ மேலேர்ந்து அரிச்சாப்புல இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வினோதினி டிபன் பாக்ஸோடு யார்டுக்கே வந்துவிட்டாள். பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் சாப்பாடு சேர்ந்துதான் என்பது எங்கள் வழக்கம். டிரெய்லர் நிழலில் உட்கார்ந்தோம். காலையில் பெய்த மழைக்குச் சுவடே இல்லாமல் வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசை வரிசையாகக் கார்கள். மேலே தட்டான்கள், ஐப்பசியில் எப்போதும் வருகிற மஞ்சள் தட்டான்கள், கும்பலாகப் பறந்துகொண்டிருந்தன. ஒரு தட்டான் கறுப்புக் காரின் கூரைக்கு இறங்கி, வால் நுனியால் தட்டித் தட்டி எழும்பியது. பிறகு இன்னொன்று வந்து அதே மாதிரி செய்தது.

வினோதினியின் கை சோற்றோடு பாதியில் நின்றது.

"இது இன்னா பண்ணுது?"

"அதுவா? தெனம்தான் வருது. மூணு வாரமா இதே வெளையாட்டு" என்றேன், மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே.

"மூணு வாரமாவா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. மோர்மிளகாய் அதற்குப் பிறகு இறங்கவில்லை.

எழுந்துபோய்க் கூரையைச் சாய்வாகப் பார்த்தாள். மணல் தூவியதுபோல் பொடிப்பொடி முட்டைகள், வெயிலில் காய்ந்து ஒட்டிக்கிடந்தன. நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள். அடியில் குழி. அவள் என்னைத் திட்டவில்லை. சுகப்பிரியாவைக் கூப்பிட ஓடினாள்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தபோது எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. வந்திருக்கவே வேண்டாம். எங்கள் தொழிற்சாலையில் கேட்டில் நுழையும்போதே செல்போன் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். பிரித்தது தெரிந்தால் கேட் பாஸ் போகும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் நான் அந்த ஸ்டிக்கரைப் பதமாக உரித்து, ஒரு போட்டோ எடுத்து, திரும்ப ஒட்டியிருந்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் போனைத் திறந்தேன். கறுப்புக் காரின் கூரை. அதில் வாலைத் தொட்டபடி ஒரு தட்டான். முன்கண்ணாடியில் சேசிஸ் நம்பர் சீட்டு. மேலே தேதி. கீழே என் கைவண்ணம்: 'தட்டானுக்கு டெஸ்ட் டிரைவ்'. அன்று அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, யாராவது மாட்டிவிடுவார்கள் என்று பயந்து பத்து நிமிடத்தில் எடுத்திருந்தேன்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அன்று என் கண் அவற்றுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. சிரித்தேன், போட்டோ எடுத்தேன், அப்புறம் வீட்டில் போய் இவளைக் கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. அழிக்கிற பொத்தானின் மேல் கட்டைவிரல் ரொம்ப நேரம் நின்றது. அழிக்கவும் இல்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. நாளைக்குத் தட்டானைக் காட்டினால் போதுமே, இந்தப் போட்டோ எதற்கு என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யார்டில் விசாரணை. விஜயராகவன் குடையோடு வந்தார், கக்கத்தில் அந்தத் தாள். தசரதன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றார். சுகப்பிரியாவின் யோசனைப்படி ஒரு புதுக் கறுப்புக் காரைத் தனியாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம்.

"தண்ணியும் இருக்கு, காரும் இருக்கு. எது தண்ணின்னு அதுங்களே முடிவு பண்ணட்டும், சார்" என்றாள் சுகப்பிரியா.

"இதுல முடிவு பண்ண என்னம்மா இருக்கு? தண்ணி பக்கத்துலயே இருக்கறப்ப காருக்கா போகும்?" என்றார் விஜயராகவன்.

அரை மணி நேரம் நின்றோம். தட்டான்கள் காருக்குப் பதினேழு முறை இறங்கின. தொட்டிக்கு இரண்டு முறை. அதில் ஒன்று தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுக் காருக்குப் போனது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏரியே இருக்கிறது, முழங்கால் அளவு மழைத்தண்ணீரோடு. அதையும் தாண்டித்தான் இங்கே வந்திருக்கின்றன.

விஜயராகவனுக்கு வேலை மறந்துவிட்டது. குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா இது? தப்பாப் பாக்குற கண்ணு எப்படி இத்தனை கோடி வருஷம் நிலைச்சுது? தப்பான பொருளைத் தள்ளிட்டு நல்லதை மட்டும் வெச்சுக்கறதுதானே இயற்கை? அதைவிடப் பெரிய இன்ஸ்பெக்‌ஷன் உலகத்துல உண்டா?"

"உண்மைதான் சார். ஆனா அந்த இன்ஸ்பெக்‌ஷன்ல கண்ணு சரியா பாக்குதான்னு யாரும் செக் பண்றதில்ல. முட்டை பொரிஞ்சு அடுத்த தட்டான் வந்துச்சான்னுதான் செக் பண்றாங்க. வந்தா பாஸ்" என்றாள் சுகப்பிரியா. "தண்ணி மேல படுற வெளிச்சம் ஒரு தினுசாப் படுத்தாப்புல, கிடைமட்டமா எதிரொளிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, தட்டானுக்குத் தெரியும். அப்படி மின்னற எடத்துல முட்டை போடுன்னு அதுக்கு ஒரே விதி. கார் இல்லாத காலத்துல அப்படி மின்னினது தண்ணி மட்டும்தான். ஈரமா, ஆழமா, மீன் இருக்கான்னு சோதிச்சுகிட்டு நின்ன தட்டானைக் குருவி தின்னுட்டுப் போயிருக்கும். சட்டுனு முட்டை போட்டுட்டுப் பறந்ததோட பேரப்பிள்ளைங்கதான் இதுங்க. பாலிஷ் போட்ட கறுப்புக் கார் தண்ணியைவிடப் பளிச்சுன்னு அப்படி மின்னுது. வெள்ளைக் கார்ல அந்த மினுக்கம் கம்மி."

"அப்ப கொசுவை மட்டும் எப்படிக் குறி தப்பாமப் பிடிக்குது? அங்க உண்மை தெரியுதே?"

"கொசு விஷயத்துல தப்பு பண்ணா பட்டினி, சார். எங்க தேவையோ அங்க, தேவையான அளவுக்கு உண்மை."

அவர் தாடையைச் சொறிந்தார். "தேவையான அளவுக்கு உண்மைன்னா, அப்ப நாம?"

"நானும் காரைப் பாக்குறதில்ல, சார்" என்றாள் வினோதினி. "லைட்டு கோட்டைத்தான் பாக்குறேன். ஒரு நாளைக்கு இருநூறு கார் பாத்துட்டு, எந்த மாடல் வந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

எனக்கும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "எங்க இடதுபக்கக் கண்ணாடியும் அப்டித்தான் சார். பின்னால இருக்குறதையெல்லாம் சின்னதாக் காட்டும். பொய்தான். ஆனா அந்தப் பொய்யாலதான் நெறைய எடம் தெரியுது, இடிக்காம நிறுத்துறோம்."

அவர் சிரித்தார். எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் விஜயராகவன் சிரித்துவிட்டால் விட்டுவிடுவார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. தாளை விரித்தார்.

"இன்னைக்குத் தட்டான் வருது, ஒத்துக்கறேன். ஆனா அந்த நாப்பத்து மூணு கார் இங்க நின்னது போன மூணு வாரத்துல. அப்பவும் வந்துச்சுன்னு யார் சொல்றது? அதுக்கு ஆதாரம் இல்லாம நான் எப்படிம்மா உங்க பேரை அழிக்கறது? தசரதன், நீங்க பாத்தீங்களா?"

"நாங்க இன்னா சார் பூச்சி பாக்கவா வந்துகீறோம்? இன்னைக்குத்தான் புதுசா வருது" என்றார் தசரதன். அவரும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். முந்நூற்று நாற்பத்தொன்று என்று பலகையில் அன்று காலைதான் எழுதியிருந்தார்.

"நான் பாத்தேன் சார். மூணு வாரமா வருது" என்றேன்.

விஜயராகவன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எழில், நீங்க அவங்க புருஷன். நீங்க வேற எப்படிச் சொல்வீங்க?"

நியாயம்தான். வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கையைச் சட்டைப் பையின் மேல் வைத்து, உள்ளே இருக்கும் முத்திரையை அழுத்திப் பிடித்திருந்தாள். அதைக் கொடுக்கத் தயாராகிவிட்டாள் என்று தெரிந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை எடுத்தேன். எல்லோருக்கும் எதிரில் சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே போட்டோவைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் தேதியைப் பார்த்தார். சேசிஸ் நம்பரைப் பட்டியலில் தேடினார். பதினோராவது வரிசையில் இருந்தது. பிறகு கீழே எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"'தட்டானுக்கு டெஸ்ட் டிரைவ்'. ம்."

தசரதன் என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னும் பெயர் கண்டுபிடிக்கவில்லை.

அங்கேயே, அந்தக் கறுப்புக் காரின் பானெட்டில் அட்டையைப் போட்டு அதன் மேல் தாளை வைத்துப் புதிதாக எழுதினார். ஏன் குழி? தட்டான் முட்டை வெயிலில் வெந்து, அதிலிருந்து கசியும் அமிலம் பெயின்ட்டை அரித்தது. ஏன் அங்கே முட்டை? தண்ணீர் என்று நினைத்தது. ஏன் நினைத்தது? கார் தண்ணீரைவிட நன்றாக மின்னியது. ஏன் அப்படி மின்னியது? இந்த இடத்தில் பேனா நின்றது. "பெயின்ட்ல ஒரு குறையும் இல்ல, அதனாலதான் சார்" என்றாள் வினோதினி. அவர் அதை அப்படியே எழுதினார். ஐந்தாவது ஏன்: மூன்று வாரமாக யாரும் ஏன் சொல்லவில்லை?

என்னைப் பார்த்தார். பூச்சிதானே என்று நினைத்தேன் எனச் சொல்லியிருக்கலாம். வாயில் வேறு வந்துவிட்டது.

"பாத்தவனுக்கு கிரைண்டர் வேண்டியிருந்துச்சு சார். அதனால பாத்தது மண்டைக்குள்ள ஏறல."

பொறுப்பு என்ற கட்டத்தில் பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் எழிலரசன் என்று எழுதினார். எனக்கு ஒரு வாரம் கேட் பாஸ் ரத்து. பலகையில் எண் பூஜ்யம். கறுப்பும் மெரூனும் இனிமேல் ஷெட்டுக்குள், வெள்ளைகள் வெளியே. தசரதன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மற்ற பதிமூன்று டிரைவர்களும் பேசினார்கள். அதை எழுத முடியாது.

ஷிஃப்ட் முடிந்து ஸ்கூட்டர் ஸ்டாண்டில் அவளுக்காகக் காத்திருந்தேன். ஒரு வாரச் சம்பளம் போனவன் மாதிரியே இல்லை, அத்தனை சந்தோஷம். சைரன் அடித்து அரைமணி ஆகியும் ஆளைக் காணோம். எல்லோரும் போய்விட்ட பிறகு மெல்ல வந்தாள்.

"எங்கம்மே போன?"

"மேனேஜர் ரூமுக்கு." ஹெல்மெட்டைக் கையில் வைத்து உருட்டினாள். "நாப்பத்து மூணு இல்லய்யா அது. நாப்பத்து ரெண்டு."

"இன்னா சொல்ற?"

"மெரூன் கார் ஒண்ணு. அதுல கெடந்தது முட்டை இல்ல. பெயின்ட்டுக்குள்ள சிக்குன தூசி. நேத்தே பாத்துட்டேன். எல்லாத்தோட சேர்ந்து போயிரும்னு கம்முனு இருந்துட்டேன். நீ போனை எடுத்து நீட்டுனப்புறம் என்னால கம்முனு இருக்க முடியல. போய் சொல்லி, முத்திரையை டேபிள் மேல வெச்சுட்டேன்."

"பைத்தியமாடி நீ? தப்பிச்சு வந்தப்புறமா? அவரு இன்னா சொன்னாரு?"

"நாப்பத்து மூணை அடிச்சுட்டு நாப்பத்து ரெண்டுன்னு எழுதுனாரு. அப்புறம் புதுசா ஒரு தாளு எடுத்தாரு. ஏன் தப்புச்சுன்னு கேட்டாரு. நான் பாக்கலன்னு சொன்னேன். ஏன் பாக்கலன்னாரு. அன்னிக்கு மனசு சரியில்லன்னேன். ஏன் சரியில்லன்னாரு. காலைல வூட்ல சண்டைன்னேன்."

"அடிப்பாவி. அதுக்கும் ஏன்னு கேட்டாரா?"

"கேட்டாரு. தாளைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, அப்டியே ரெண்டா மடிச்சு டிராயர்ல போட்டுட்டு, 'முத்திரையை எடுத்துகிட்டு வீட்டுக்குப் போங்கம்மா'ன்னாரு."

"அந்தக் கடைசி ஏனுக்கு நீ இன்னா பதில் சொன்ன?"

"இன்னா சொல்லுவேன்? உள்ளதைத்தான் சொன்னேன். 'எம் புருஷன், சார். ஆனா வேற ஆளு வேணாம்'னு சொன்னேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது. பொறுப்பு என்ற கட்டத்தில் ஒரே நாளில் இரண்டாவது முறையாக என் பெயர், இந்தத் தடவை எழுதாமலே. அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.